காலை எடுத்தால் போச்சு!

உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் வேறு யாரோ ஓட்டுகிறார். நீங்கள் பக்கத்து சீட்டில். எதிரே ஒரு வளைவு வருகிறது. ஓட்டுகிற புண்ணியவான் வேகத்தைக் குறைக்கிற மாதிரியே தெரியவில்லை. அப்போது உங்கள் வலது கால் என்ன செய்யும்? இல்லாத பிரேக்கைத் தேடிக் கீழே தரையை ஓங்கி மிதிக்கும். மிதித்ததே உங்களுக்குத் தெரியாது. உடம்பு தானாகச் செய்கிற வேலை அது.

1931-ம் வருடம் ஆகஸ்ட் மாதம், இத்தாலியின் அபினைன் மலைச்சாலை ஒன்றில் ஒருவர் இதே அவஸ்தையில் உட்கார்ந்திருந்தார். பெயர் என்ஸோ ஃபெராரி. ஆமாம், அதே ஃபெராரிதான். ஆனால் அப்போது அவர் பெயரில் கார் கிடையாது. ஆல்ஃபா ரோமியோ கார்களை வைத்துக்கொண்டு ஒரு பந்தய அணி நடத்திக்கொண்டிருந்தார். அவரும் டிரைவர்தான். மோசமான டிரைவர் ஒன்றும் இல்லை, பந்தயங்கள் ஜெயித்தவர்.

மூன்று மாகாணங்களின் பந்தயம் என்று ஒரு ரேஸ். அதற்கான பயிற்சி ஓட்டத்தில் தன் அணியின் டிரைவர் டாஸியோ நுவோலாரிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார் ஃபெராரி. நுவோலாரி மாண்டுவா பக்கத்து ஆசாமி. குள்ளமான, ஒல்லியான உருவம். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பேர் வாங்கிவிட்டுக் காருக்கு வந்தவர். இந்த மனிதர் வளைவுகளில் மட்டும் எப்படி எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுகிறார் என்று பார்த்துவிட வேண்டும். ஃபெராரியின் ஆசை அவ்வளவுதான்.

முதல் வளைவு வந்தது. நுவோலாரி ஸ்டியரிங்கைத் திருப்பிய இடத்தைப் பார்த்ததும் ஃபெராரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரொம்ப சீக்கிரம்! வேகமும் ரொம்ப அதிகம். இன்றைக்குப் பள்ளத்தில்தான் முடியப்போகிறது என்று முடிவே கட்டிவிட்டார். உடம்பை இறுக்கிக்கொண்டு மோதலுக்காகக் காத்திருந்தார்.

மோதல் வரவில்லை. கார் வளைவைத் தாண்டி, அடுத்த நேர்ப்பாதையில் மூக்கை நேராக நீட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. ஃபெராரி திரும்பி நுவோலாரியின் முகத்தைப் பார்த்தார். மயிரிழையில் தப்பித்தவன் முகத்தில் ஒரு களை இருக்கும் இல்லையா? அது இல்லை. மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது வளைவிலும் அதே கதை. மூன்றாவதிலும் அதே. நாலாவதோ ஐந்தாவதோ வளைவு வந்தபோதுதான் ஃபெராரிக்குப் புரிய ஆரம்பித்தது. முகத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, காலைப் பார்க்க வேண்டும். வளைவு முழுக்க நுவோலாரி ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுக்கவே இல்லை.

பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் ஃபெராரி இதை விவரித்திருக்கிறார். நம் புத்தி சொல்கிற இடத்துக்கு முன்பாகவே காரின் மூக்கை வளைவின் உள்விளிம்பை நோக்கித் திருப்பிவிடுவார் நுவோலாரி. பொருத்தமான கியர், ஆக்ஸிலரேட்டர் முழு அழுத்தத்தில். நான்கு சக்கரங்களும் சேர்ந்தாற்போல் பக்கவாட்டில் வழுக்கும். மூக்கு உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும், கார் வெளியே நகர்ந்துகொண்டிருக்கும். வளைவு முடிகிற இடத்தில் இரண்டும் சரியாகிவிடும். ஸ்டியரிங்கைத் திருத்துகிற வேலையே இல்லை. ‘நாலு சக்கர டிரிஃப்ட்’ என்று பிற்பாடு பெயர் வைத்தார்கள். இதைக் கண்டுபிடித்தவரே நுவோலாரிதான் என்று சொல்பவர்கள் உண்டு. அன்றைய டயர்கள் ஒல்லிக்குச்சி டயர்கள். கொஞ்சம் வழுக்கவிட்டால்தான் அவற்றின் முழுப் பிடிமானமும் வெளியே வரும். ஆகவே அது ஸ்டன்ட் இல்லை. கடையில் கிடைத்த டயருக்கு ஏற்ற ஓட்டம்.

அந்த ரேஸில் ஃபெராரி ஓட்டியது பெரிய என்ஜின் உள்ள கார். நுவோலாரியுடையது சின்னது. ஜெயித்தது யார் என்று சொல்ல வேண்டுமா? ஃபெராரி இரண்டாவதாக வந்தார். அதோடு பந்தயம் ஓட்டுவதையே விட்டுவிட்டார். அடுத்த ஜனவரியில் மகன் டினோ பிறந்தான், அதனால்தான் நிறுத்தினேன் என்றார். நம்புவோம். ஆனாலும் நாலாவது வளைவிலேயே அவருக்கு இன்னொரு விஷயமும் புரிந்துபோயிருக்கும் என்பது என் சந்தேகம்.

சரி, காலை எடுத்தால்தான் என்ன ஆகும்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உயிர் போகிற விஷயம்.

வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரை விட்டால், காரின் எடை சட்டென்று முன்பக்கம் சாய்கிறது. பின் சக்கரங்கள் லேசாகின்றன. லேசான சக்கரத்துக்குத் தரையில் பிடிமானம் குறைவு. பின்பக்கம் விலகி, கார் பம்பரமாகச் சுற்றும். அதாவது ஆபத்து என்று நினைத்து உடம்பு தானாகச் செய்கிற காரியம்தான் ஆபத்தை உண்டாக்குகிறது. வளைவுகளை ஓட்டக் கற்பதில் பாதி, இந்த உடம்பின் பேச்சைக் கேட்காமல் இருக்கக் கற்பதுதான். மீதிப் பாதி, கணக்கு.

நான் படித்தது பி.காம். ரேஸ் வளைவு எனக்குப் புரிந்ததே கணக்கு நோட்டின் வழியாகத்தான். டயரின் பிடிமானத்தை ஒரு பாங்க் பாலன்ஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நூறு ரூபாய் இருக்கிறது. பிரேக் போடுவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். திரும்புவதற்கும் அதிலிருந்துதான். வேகம் கூட்டுவதற்கும் அதே நூறுதான். நூறு ரூபாய்க்கும் பிரேக் போட்டுவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினால், செக் பவுன்ஸ். கார் திரும்பாது, நேரே போகும். நேரே என்ன இருக்கிறதோ அதில் போய் இடிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அறுபது ரூபாய்க்கு பிரேக் போட்டால் திரும்ப மிச்சம் எவ்வளவு? நாற்பது என்பீர்கள். இல்லை, எண்பது! பிரேக் பின்னோக்கி இழுக்கிறது, திருப்பம் பக்கவாட்டில் இழுக்கிறது. இரண்டும் செங்கோணத்தில் இருப்பதால் இங்கே பிதாகரஸ் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அறுபதின் வர்க்கமும் எண்பதின் வர்க்கமும் சேர்ந்தால் நூறின் வர்க்கம். எந்த பாங்க்கிலும் இந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் கெட்டிக்கார டிரைவர் நேர்ப்பாதையிலேயே பிரேக் வேலையை முழுசாக முடித்துக்கொண்டு பிறகு திரும்புவதில்லை. பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே, அதே அளவுக்குத் திருப்பத்தைக் கூட்டிக்கொண்டே வளைவுக்குள் நுழைவார். ஒரு பைசா சும்மா கிடக்கக் கூடாது.

அடுத்தது பாதை. வலது பக்க வளைவு என்றால் சாலையின் இடது ஓரத்தில் இருந்து வரவேண்டும். வளைவின் நடுவில் வலது ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் உரச வேண்டும். அந்தப் புள்ளிக்கு அபெக்ஸ் என்று பெயர். பிறகு மறுபடி இடது ஓரத்துக்கு விரிந்து வெளியேற வேண்டும். ஏன் இந்தச் சுற்றல்? வளைவின் வட்டம் பெரிதானால் அதே டயர் அதிக வேகம் தாங்கும். வட்டத்தின் ஆரம் நாலு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கு போகலாம். சாலையின் முழு அகலத்தையும் பயன்படுத்துகிறவனுக்கு வட்டம் பெரிது.

ஆனால் இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் விழுவார்கள். வளைவை வேகமாகக் கடப்பதுதான் சாமர்த்தியம் என்று நினைப்பார்கள். தப்பு! வளைவுக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அறுநூறு மீட்டர் நேர்ப்பாதை இருக்கிறது என்று வையுங்கள். வளைவுக்குள் கொஞ்சம் மெதுவாக நுழைந்து, கொஞ்சம் தாமதமாகத் திரும்பி, அபெக்ஸைத் தள்ளி வைத்துக்கொண்டால், வெளியே வரும் பாதை நேராகிவிடும். ஆக்ஸிலரேட்டரைச் சீக்கிரம் மிதிக்கலாம். இதனால் அந்த நேர்ப்பாதையில் சராசரி வேகம் 200 கிலோமீட்டருக்குப் பதில் 205 என்று ஆனால், ஒரு விநாடியில் கால் பங்கு லாபம். வளைவில் தொலைத்தது அதைவிடக் குறைவென்றால் வியாபாரம் லாபம்தான். ஆகவே வளைவுகளில் சீனியர், ஜூனியர் உண்டு. நீளமான நேர்ப்பாதைக்கு வழிவிடுகிற வளைவு சீனியர். அதற்கு முந்தைய குட்டி வளைவில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது இதைச் சரியாக எடுக்க வேண்டும்.

நுவோலாரி சீக்கிரம் திரும்பினார் என்று சொல்லிவிட்டு இப்போது தாமதமாகத் திரும்பு என்கிறாயே என்று கேட்காதீர்கள். வழுக்கிக்கொண்டே வெளியே போகிற காரின் மூக்கை முன்கூட்டியே உள்ளே திருப்பித்தான் ஆகவேண்டும். வழுக்காத டயர் வந்த பிறகு கணக்கு மாறியது.

இதையெல்லாம் முதலில் யாரும் எழுதி வைக்கவில்லை. பார்த்துக் கற்றார்கள், அல்லது ஃபெராரி மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து கற்றார்கள். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தெரியாது. உட்கார்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர் பியரோ தாருஃபி. படித்த என்ஜினீயர், கூடவே பந்தய டிரைவர். வளைவை ஜியாமெட்ரி பாடமாக எடுத்துக்கொண்டு படம் போட்டு, ஆரம் கணக்கிட்டு, ஐம்பதுகளின் கடைசியில் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 1957-ல் ஐம்பது வயதில் மில்லே மில்யா பந்தயத்தை ஜெயித்தார். ஜெயித்தால் நிறுத்திவிடுவேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சொன்னபடி நிறுத்தினார். இப்படிப்பட்டவர்கள் இந்தத் தொழிலில் அபூர்வம்.

அதே 1957 ஆகஸ்ட் 4-ம் தேதிக்கு வாருங்கள். ஜெர்மனியில் நூர்பர்க்ரிங். ஒரு சுற்று கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர். காட்டுக்குள் ஏறி இறங்கி நெளிகிற பாதை, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வளைவுகள். அப்படி 22 சுற்று. அர்ஜென்டினாவின் யுவான் மானுவல் ஃபாஞ்சியோ, வயது 46, மசராட்டியில். எதிரே ஃபெராரி கார்களில் இரண்டு ஆங்கிலேய இளைஞர்கள், மைக் ஹாதார்ன், பீட்டர் காலின்ஸ். இரண்டு பேரும் நகமும் சதையுமான நண்பர்கள்.

ஃபாஞ்சியோ பாதி டாங்க் பெட்ரோலோடு கிளம்பினார். கார் லேசாக இருக்கும், முன்னால் போய்விடலாம், நடுவில் நிறுத்தி நிரப்பிக்கொள்ளலாம் என்பது திட்டம். முன்னாலும் போனார். ஆனால் நிறுத்திய இடத்தில் டயர் மாற்றுகிறேன் பேர்வழி என்று சொதப்பிவிட்டார்கள். மறுபடி கிளம்பியபோது இரண்டு ஃபெராரிகளும் முக்கால் நிமிஷத்துக்கு மேல் முன்னே போயிருந்தன. ஃபெராரி அணியில் நிம்மதிப் பெருமூச்சு. கிழவர் கதை முடிந்தது!

ஃபாஞ்சியோ என்ன செய்தார் தெரியுமா? வளைவுகளில் வழக்கமான கியரைவிட ஒரு கியர் மேலே வைத்து ஓட்ட ஆரம்பித்தார். கேட்க எளிமை. செய்து பார்த்தால்தான் தெரியும். மேல் கியரில் என்ஜின் துவண்டுபோகாமல் இருக்க வேண்டுமென்றால் வளைவுக்குள் நுழைகிற வேகமே கூடுதலாக இருக்க வேண்டும். தப்பினால் காப்பாற்ற ஒன்றுமில்லை. அந்தப் பாதையில் அந்த வருடம் தகுதிச் சுற்றில் மிக வேகமாகப் போனவர் அவர்தான், 9 நிமிடம் 25.6 விநாடி. இப்போது, பந்தயத்தின் இருபதாவது சுற்றில், 9 நிமிடம் 17.4 விநாடி. எட்டு விநாடிக்கு மேல் குறைத்துவிட்டார்! இருபத்தோராவது சுற்றில் காலின்ஸைத் தாண்டினார், அப்புறம் ஹாதார்னையும் தாண்டினார். 3.6 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். ஐந்தாவது உலக சாம்பியன் பட்டம் அன்றே உறுதியாகிவிட்டது.

தோற்ற இரண்டு பேரும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். ஃபாஞ்சியோ மட்டும், இனி இப்படி ஓட்ட என்னால் முடியாது, ஓட்டவும் கூடாது என்கிற ரீதியில் பின்னாட்களில் பேசியிருக்கிறார். அப்புறம் உலக சாம்பியன் பட்டத்துக்கான கிராண்ட் ப்ரீ எதையும் அவர் ஜெயிக்கவில்லை. அடுத்த வருடம் ஓய்வு.

சரியாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அந்த நாள். தப்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பன்னிரண்டு மாதம் காத்திருக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

1958 ஜூலை 6, பிரான்ஸில் ரெய்ம்ஸ். ஃபெராரி அணியின் லூயிஜி முஸ்ஸோ, தன் அணியிலேயே இருந்த ஹாதார்னைத் துரத்திக்கொண்டிருந்தார். வேகமான ஒரு வளைவு. வேகத்தைக் குறைக்க மனசு வரவில்லை. கார் பாதையை விட்டு வெளியே போய் உருண்டது. முஸ்ஸோ அன்றே இறந்துபோனார். வயது 33.

நாலே வாரம். ஆகஸ்ட் 3, மறுபடி நூர்பர்க்ரிங். டோனி ப்ரூக்ஸ் என்பவர் வான்வால் காரில் இரண்டு ஃபெராரிகளையும் தாண்டிப் போய்விட்டார். விடக்கூடாது என்று துரத்தினார் காலின்ஸ். பின்னாலேயே ஹாதார்ன். ஃப்ளான்ஸ்கார்ட்டன் என்ற இடத்தில் ஒரு வளைவு. காலின்ஸ் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் நுழைந்துவிட்டார். கொஞ்சம்தான். கார் வெளி ஓரத்துக்கு நழுவி, மேட்டில் இடித்து, தலைகீழாகப் புரண்டது. காலின்ஸ் தூக்கி எறியப்பட்டார். மாலைக்குள் உயிர் போய்விட்டது. வயது 26. நடந்தது அத்தனையும் பின்னால் வந்த ஹாதார்னின் கண்ணெதிரே நடந்தது.

ஹாதார்ன் அந்த வருடம் உலக சாம்பியன் ஆனார். ஆனவுடனே ஓய்வு அறிவித்தார். 1959 ஜனவரியில், இங்கிலாந்தில் சாதாரண ரோட்டில் தன் ஜாகுவார் காரை ஓட்டிப் போனபோது விபத்தில் இறந்தார். 29 வயது.

அதற்கப்புறம் எல்லாம் மாறியது. டயர்கள் அகலமாயின. அறுபதுகளின் நடுவில் அமெரிக்காவில் சாப்பரல் கார்களும், 1968-ல் ஃபார்முலா ஒன் கார்களும் முதுகில் இறக்கை கட்டிக்கொண்டன. விமானத்தைத் தூக்குகிற இறக்கை, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் காரைத் தரையோடு அமுக்கும். இது வளைவின் கணக்கையே புரட்டிப் போட்டது. வேகம் இரண்டு மடங்கானால் அமுக்குகிற சக்தி நாலு மடங்கு. அதாவது வேகமாகப் போகப் போக பாங்க்கில் பணம் கூடுகிறது! சில வளைவுகளில் பயந்து மெதுவாகப் போகிறவனுக்குத்தான் பிடிமானம் இல்லாமல் போகும். காலை எடுக்காதே என்ற நுவோலாரி சூத்திரம், வேறு காரணத்துக்காக மறுபடி உயிர் பெற்றது. 1971-ல் பள்ளமே வெட்டாத வழவழ டயர்கள் வந்தபின் அழகாக வழுக்கிக்கொண்டு போவதெல்லாம் நேர விரயம் ஆகிவிட்டது. இந்தக் காலத்துக் கார் தண்டவாளத்தில் போகிற மாதிரி வளைவில் போகும். பார்ப்பதற்குச் சப்பென்று இருக்கும், அது வேறு விஷயம்.

பிடிமானக் கணக்கைப் பாடமாகவே எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்காவின் மார்க் டோனஹியூ. இவரும் என்ஜினீயர். 1972-ல் இண்டியானபோலிஸ் 500 ஜெயித்தவர். காரைப் பரிசோதனைக் கூடத்துப் பொருளாகப் பார்த்த ஆசாமி. 1975-ல் அவர் புத்தகம் வந்தது. அதே வருடம் ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் பயிற்சி ஓட்டத்தின்போது, மிக வேகமான ஒரு வளைவில் அவர் கார் தெறித்துப் போனது. டயர் பழுது. ஒரு சில நாளில் இறந்துபோனார். கணக்கில் அவர் தப்பு ஒன்றுமில்லை. பாங்க்தான் திவாலானது. பின்னர் அந்த வளைவையே உடைத்து, மெதுவாக நெளிந்து போகிற மாதிரி மாற்றிக் கட்டினார்கள்.

இன்றைக்குப் புது டிரைவருக்குப் பக்கத்து சீட்டு தேவையில்லை. பக்கத்து சீட்டே இல்லை. சக டிரைவர் எந்த மீட்டரில் பிரேக்கைத் தொட்டார், எவ்வளவு அழுத்தினார், எங்கே விட்டார், எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் கோடாக வந்துவிடுகிறது. இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். பயந்த இடம் பளிச்சென்று தெரியும். ஒரு கோடு அங்கே லேசாகக் குழிந்திருக்கும்.

என்ஸோ ஃபெராரி 1988 வரை, தொண்ணூறு வயது வரை இருந்தார். உலகத்திலேயே பெயர்பெற்ற பந்தய அணியின் முதலாளி. ஆனால் தன் கார்கள் ஓடுகிற பந்தயங்களை நேரில் பார்க்க அவர் போவது கிடையாது. மோன்ஸாவில் பயிற்சி ஓட்டம் நடக்கும்போது மட்டும் வந்து நிற்பார், கறுப்புக் கண்ணாடியோடு. ரேஸ் ஆரம்பிப்பதற்கு முன்பே கிளம்பி வீட்டுக்குப் போய்விடுவார்.